நூலேணிக் கன்னிக்கு நான் ஒட்டிய அம்புகள்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

நூல் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்கக் காலியாகவே கிடந்தது. எழுதும்படி எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நடந்ததெல்லாம் இந்தச் சின்னப் பக்கத்தில் அடங்காது, அதுதான் காரணம்.

இன்று காலையில் விஜயகுமாரி ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிக்கொண்டிருந்தாள். சட்டியின் அடியில் தங்கும் கசண்டு எனக்குத்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா மகள் சண்முகப்பிரியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கசண்டில் பாதி போயிற்று.

"மாமா, உங்களால எனக்கொரு வேலை ஆகோணும்."

ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிற பெண். சாயங்காலமானால் சிநேகிதி தரணியோடு சேர்ந்து ஒலி நாடகம் செய்கிறாள். படமில்லாத சினிமா, காதிலேயே ஓடுமாம். "ரேடியோ நாடகம்னு சொல்லு, அம்மிணி" என்றேன். "இது 2190ல நடக்குதுங்க மாமா. அறிவியல் புனைகதை" என்றாள். பெயர் 'நூலேணிக் கன்னி'. எட்டு பாகம். வருகிற சனிக்கிழமையிலிருந்து வாரத்துக்கு ஒன்றாகச் செல்போனில் வரும். கோயம்புத்தூரில் ஒரு போட்டிக்கு அனுப்புகிறார்கள். மார்ச் 31 கடைசி. ஜெயித்தால் ஒரு வருடத்துக்கு நல்ல ஒலிப்பதிவு அறை கிடைக்கும். இப்போது நூல் குடோனில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பதிவு செய்கிறார்கள். நூல் மூட்டை வெளிச்சத்தத்தைக் குடித்துவிடுமாம். முப்பது வருடமாக நூல் மூட்டை பார்க்கிறேன், இது எனக்கே தெரியாது. (தெரியும் என்று சொல்லி வைத்தேன்.)

அக்கா பழனாயி கெடு போட்டிருக்கிறாள். போட்டியில் ஒன்றும் ஆகவில்லையென்றால் நாடகத்தை மூட்டை கட்டிவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டும். ஆகவே இது விளையாட்டில்லை.

நான் எதற்கு? ஒவ்வொரு நாடகத்தோடும் ஒரு விமர்சனம் வைக்க வேண்டுமாம். "இந்தத் துறைல இல்லாத ஒரு சாதாரண நேயர் எழுதுனதா இருக்கோணும் மாமா."

சாதாரணமா? முதலிபாளையம் தொழில் எஸ்டேட்டில் பனியன் செக்கிங் பார்க்கிறவன் நான். என் கண்ணைத் தாண்டி ஒரு ஓட்டைப் பனியன் கப்பல் ஏறியதில்லை. ஜெர்மனிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, 'உன் கண்ணு மிஷினப்பா' என்று அவர் பாஷையில் சொல்லிக் கண்ணீர் விட்டார். (கண்ணில் பஞ்சு விழுந்திருந்தது. ஆனாலும் விட்டார்.)

"அதுக்குத்தானுங்க உங்ககிட்ட வந்தேன். மத்தவிகெல்லாம் சூப்பர்னு ஒரு வார்த்தைய போட்டுட்டுப் போயர்றாங்க. நீங்க பீஸ் பாக்கற மாதிரி பாத்து, எங்க ஓட்டையோ அங்க அம்பு ஒட்டிக் குடுங்க."

செக்கிங்கில் குறை தெரிகிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பின் நுனி குறையைக் குத்தினாற்போல் இருக்க வேண்டும். நாடகத்துக்கு அம்பு ஒட்டுகிற முதல் ஆள் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

3 பிப்ரவரி

ஹெட்போன் மாட்டிப் பழகுவதற்காக வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர் வந்து, "அண்ணனுக்குக் காது எப்பருந்துங்க போச்சு?" என்று விஜயகுமாரியிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

முதல் பாகம் வந்துவிட்டது. மூன்று தடவை கேட்டேன். நிதானமாக எழுத வேண்டும். கதை வந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

2190ஆம் வருடம். நொய்யல் இருந்த இடம் வெறும் தடம். வானத்தில் ஆறு நிலையங்கள் சுற்றுகின்றன. வசதியுள்ளவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். கீழே ஒரு வறண்ட கிணறு. கிணறு தூர்வாரும் பொறியாளர் பரணி என்ற பெண் உள்ளே இறங்குகிறாள். அடியில் ஒரு குரல் கேட்கிறது: "ஆறு பேரும் மேல போயிட்டாங்க. நான் இன்னும் நூல் நூத்துட்டிருக்கேன்." அது ஒரு இயந்திரப் பெண், ஏழாவது. பூமியிலிருந்து வானத்துக்கு ஏறுகிற நூலேணியை அவள்தான் நூற்கிறாள். நாளுக்கு ஒரு மைல். பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் நூல் அறும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மயிர்க்கூச்செறிந்தது. பயத்தினால் இல்லை.

முடிவில் தரணியின் குரல்: "கொங்கு மண்ணில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் நாட்டார் கதையைத் தழுவியது."

எந்தத் தலைமுறை? அது என் கதை!

2007. ஊத்துக்குளி ரோட்டில் என் மொபெட் பஞ்சர். பின்னால் உட்கார்ந்திருந்த சண்முகப்பிரியாவுக்கு ஆறு வயது. பஞ்சர்க் கடையில் வண்டியைச் சாய்த்தபோது பார்த்தால் பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. "நானில்லீங் மாமா" என்றாள். கையில் கண்ணாடிச் சில்லு. அடிக்க மனசு வரவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு இருந்தது. அதைப் பார்த்து ஒரு கதை விட்டேன். ஏழு கன்னிமார் குளிக்க வந்தார்கள், ஆறு பேர் நூலைப் பிடித்து வானம் ஏறிவிட்டார்கள், ஏழாமவள் நொண்டி, பின்தங்கிவிட்டாள், கிணற்றுக்குள் உட்கார்ந்து தன் நூலைத் தானே நூற்கிறாள், பொய் கேட்டால் அறுந்துவிடும். "எந்தக் காலு நொண்டி?" என்று கேட்டாள். "வலது" என்றேன். "யாரு சொன்னா?" என்று கேட்டாள். "எங்க அப்புச்சிக்கு அவிக அப்புச்சி சொன்னது" என்று அம்மா வழித் தாத்தாவை இழுத்தேன். பத்தே நிமிடம். டியூபுக்கு ஒட்டுப் போட்டு முடிவதற்குள் கதையும் முடிந்தது. அவளும் ஒத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்தக் கதையை எங்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்! கரண்ட் போனால் செக்கிங்கில், லாரி காத்திருந்தால் லோடு இறக்குகிற இடத்தில், கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்கும்வரை. எல்லா இடத்திலும் அப்புச்சிக்கு அப்புச்சிதான். நான் கட்டியது என்று சொன்னால் யார் மதிப்பார்கள்?

இப்போது சும்மா இருக்க முடியவில்லை. என்னுடையது என்று எஸ்டேட் முழுக்கக் கத்த வேண்டும்போல இருக்கிறது. கத்தினால் பிள்ளையின் போட்டி போச்சு. போட்டியில் அவள் சேர்ந்திருப்பதே 'நாட்டார் கதைத் தழுவல்' பிரிவில்தான். அதில் பதினோரு பேர். 'சொந்தக் கற்பனை'யில் இருநூறு பேருக்கு மேலாம்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

முருகனிடம் சொல்லிவிடலாம் என்று வரிசையில் நின்றேன். முறை வந்ததும் குருக்கள் "நகருங்க, நகருங்க" என்றார். நகர்ந்தேன். முருகனுக்குத் தெரியாததா என்று திருநீறு பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டாம் பாகம். உணர்ச்சியை ஓரமாக வைத்து வேலையைப் பார்த்தேன். செக்கிங்கில் முதலில் பீஸை உள்பக்கம் திருப்ப வேண்டும். வெளிப்பக்கம் மினுக்கும், உண்மை உள்பக்கத்தில்தான் தெரியும். நாடகத்துக்கு உள்பக்கம் சத்தம்.

முதல் அம்பு: கிணறு வறண்டது என்கிறார்கள், ஆனால் பேச்சு திரும்பி வருகிற தினுசு தண்ணீர்க் கிணற்றுடையது. தண்ணீர் இருந்தால் குரல் வழவழவென்று திரும்பும். வறண்ட கிணற்றில் முறுமுறுவென்று, பாதியிலேயே செத்துவிடும். இரண்டு கிணற்றிலும் விழுந்து எழுந்தவன் நான். (ஒன்றில்.) போன் போட்டுச் சொன்னேன்.

"மாமா! அது நெட்ல எடுத்த சத்தம். இத்தன பேரு கேட்டும் ஒருத்தருங்கூடச் சொல்லலீங்க" என்றாள். அடுத்த பாகத்துக்கு நிஜமான பாழுங்கிணற்றில் இறங்கிப் பதிவு செய்கிறார்களாம்.

இரண்டாவது அம்பு: வானக் கப்பல் கிளம்புகிற சத்தம் வட்ட நிட்டிங் மிஷினுடையது. ஒளித்தாலும் எனக்குத் தெரியாதா? அம்பை ஒட்டப் போனவன் எடுத்துவிட்டேன். நிலாவுக்குப் போனாலும் நம்ம ஊர் மிஷின் போகட்டும்.

பரணியாகப் பேசுகிற பெண் கோபம் வரும்போது மூச்சை முழுங்குகிறாள், நன்றாக இருக்கிறது. கன்னியாகப் பேசுவது தரணி. இயந்திரம் பேசுவதுபோல் விறைப்பாக ஆரம்பித்து, போகப்போகக் கொங்கு இழுவை வந்துவிடுகிறது. குறையா என்று யோசித்தேன். இல்லை. நூறு வருடம் அந்தக் கிணற்றிலேயே உட்கார்ந்திருந்தால் எந்த மிஷினும் "ஏனுங்க" என்றுதான் பேசும்.

20 பிப்ரவரி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை டேபிள் மேல் வைத்து, இரண்டு பாகத்தையும் செக்கிங் முழுக்கக் கேட்க விட்டேன். ஒடிசாத் தையல்காரர்கள்கூடத் தட்டோடு வந்து நின்றார்கள், சத்தத்துக்காக. குழந்தையம்மாள் பதினெட்டு வருடமாக எனக்கு எதிர் டேபிள். கேட்டுவிட்டு, "அட, நம்ம நொண்டிக் கன்னி கதையவா மிஷின் வச்சுப் பண்ணியிருக்குது அந்தப் புள்ள!" என்றாள்.

நம்ம!

தயிர்சாத டப்பாவை மூடிவிட்டேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

வந்தது வினை. போட்டிக்காரர்கள் சண்முகப்பிரியாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். நாட்டார் கதை என்றால் எந்த ஊரில் வழங்குகிறது, உங்கள் குடும்பத்தைச் சேராத ஒருவர் அதைச் சொல்லும் ஒலிப்பதிவு வேண்டும்.

"அப்புச்சி வழின்னீங்கள்ல மாமா, எந்த ஊரு?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது: "வெள்ளகோயில் பக்கம்." ஏன் வெள்ளகோவில்? என் வாய்க்கும் எனக்கும் ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம், இன்னும் அதன் போக்கு பிடிபடவில்லை.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம போலாங்க!" என்றாள்.

2 மார்ச், ஞாயிறு

போனோம். ஒருவருக்கும் தெரியாது, வெறுங்கையோடு திரும்புவோம், அப்போது பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். முதல் இரண்டு மணி நேரம் திட்டப்படிதான் நடந்தது. எண்ணெய்க் கடைக்காரர் தெரியாது என்றார். கோயில் பூசாரி தெரியாது என்றார். பிள்ளையின் முகம் சுருங்கச் சுருங்க எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பாவமாக இருந்தது.

கடைசியில் டீக்கடை. பெஞ்சில் ஒரு பெரியவர், நஞ்சப்பன் என்று பெயர், ரிட்டையர் ஆன லாரி டிரைவர். "நொண்டிக் கன்னிங்களா? தெரியாம என்ன!" என்றார். சண்முகப்பிரியா போனைப் பதிவில் போட்டுவிட்டாள்.

முழுக்கச் சொன்னார். என் வார்த்தைகளே வந்தன. ஆனால் ஓரிடத்தில் நான் சொல்லாத ஒன்று: "அந்தக் கெணத்துல கல்லப் போட்டீன்னா சத்தமே வராது கண்ணு. அவ மடியேந்திப் புடிச்சுக்குவா. மேல போறப்ப அக்காமாருக்குக் காட்டோணுமல்லோ, பூமில இருந்து என்ன கொண்டாந்தேன்னு."

அது என் கதையில் இல்லை. நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது.

"இத உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டாள். "எங்க அம்மாயி. சின்னப் பையனா இருக்கறப்ப" என்று அம்மா வழிப் பாட்டியைச் சொன்னார், முகம் மாறாமல்.

அவள் டீக்குச் சொல்லப் போன சமயம், பெரியவர் என் பக்கம் சாய்ந்தார். "என்னைய அடையாளந் தெரியலீங்களா? முதலிபாளையத்துல லோடு எறக்க நாலு மணி நேரம் நிக்க வச்சீங்களே. அன்னிக்கு நீங்க சொன்னதுதானுங்க."

"அப்பறம் ஏனுங்க அம்மாயின்னீங்க?"

"நீங்க அப்புச்சின்னீங்க. எனக்கு அம்மாயி இருக்கக்கூடாதுங்களா?"

திரும்பி வரும்போது காங்கேயம் தாண்டும்வரை பிள்ளை பாடிக்கொண்டே வண்டி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து, ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.

3 மார்ச்

இன்று ஒரு பீஸில் அக்குளோரம் ஓட்டை, கவனிக்காமல் பாஸ் போட்டுவிட்டேன். குழந்தையம்மாள் பிடித்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவை. (மூன்றாவது.)

9 மார்ச், ஞாயிறு

ஐந்தாம் பாகம். இதுவரை வந்ததில் சிறந்தது. கிணற்றின் எதிரொலி இப்போது முறுமுறுவென்று இருக்கிறது. அதற்குக் காரணம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நூலேணி முக்கால்வாசி ஏறிவிட்டது. பரணிக்குக் கன்னி மேல் பாசம் வந்துவிட்டது. மேலே தன் அக்காமார் காத்துக்கொண்டிருக்கிறார்களா என்று கன்னி கேட்கிறாள். அவர்கள் போன ஆறு நிலையமும் எப்போதோ செத்துப்போய்விட்டன, வெளிச்சம் மட்டும்தான் சுற்றுகிறது. பரணிக்கு அது தெரியும். மனசு கேட்காமல், "காத்துட்டிருக்காங்க" என்கிறாள்.

நூல் அறுகிற சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஊசி உடைந்தால் வருமே, 'டிக்' என்று, அவ்வளவுதான். பிறகு அத்தனை உயரத்திலிருந்தும் நூல் விழுகிற சத்தம் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடம் யாரும் பேசுவதில்லை. நான் கேட்ட சத்தங்களிலேயே அதுதான் பெரிது.

கடைசியில் கன்னி சொல்கிறாள்: "எம் மேல இருக்கற பிரியத்துல சொன்னீங்க. எனக்குத் தெரியும். நூலுக்குத் தெரியாதுங்க."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அம்பு ஒட்ட எதுவும் இல்லை. ஒட்டுவதென்றால் கேட்டவன் நெற்றியில்தான் ஒட்ட வேண்டும்.

14 மார்ச், வெள்ளி

இன்று கம்பெனியில் ஒரு சண்டை. குழந்தைகள் டி-சர்ட் நாற்பது பெட்டி (நாலு) அனுப்பத் தயார். கையில் எடுத்ததுமே தெரிந்தது, துணி கலப்பு. லேபிளில் முழுப் பருத்தி என்று இருக்கிறது. நிறுத்து என்றேன்.

ஃப்ளோர் மேனேஜர் இளங்குமரன் ஓடி வந்தார். "அண்ணா, துணி அருமையா இருக்குதுங்க. தையல் அருமையா இருக்குதுங்க. லேபிளு ஒண்ணுதானுங்களே. உட்ருங்க."

நான் சொன்னேன்: "பீஸு நல்லா இருக்கறதுனாலதானுங்க லேபிளு சரியா இருக்கோணும். மட்டப் பீஸுக்கு எந்த லேபிளத் தச்சா யாருக்கென்ன?"

சொல்லி முடித்ததும் அந்தக் குரலை நானே கேட்டேன். யாரோ எனக்குச் சொன்னதுபோல் இருந்தது.

லேபிள் தப்பென்றால் பீஸைக் கழிப்பதில்லை. நாலு தையலைப் பிரித்து, சரியான லேபிளை வைத்துத் தைத்தால் போதும். பாஸ் போட்டவன் தன் நம்பர் ஸ்டிக்கரையும் ஒட்ட வேண்டும், நாளைக்கு யார் பார்த்தது என்று கேட்டால் தெரிய வேண்டுமே. என் நம்பர் 7.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத்தாள் எடுத்து உட்கார்ந்தேன். விஜயகுமாரி எட்டிப் பார்த்து, "என்னங்க, உயில் எழுதறாப்புல மூஞ்சிய வச்சிருக்கறீங்க?" என்றாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள், "அந்தக் கதைய நீங்களா கட்டுனீங்க?" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நல்ல கதையாச்சே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

16 மார்ச், ஞாயிறு

விமர்சனத்தை நூல் குடோனுக்கே போய்க் கொடுத்தேன். மூட்டைகளுக்கு நடுவே தரணியும் சண்முகப்பிரியாவும் லேப்டாப்பில் ஏழாம் பாகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை மூன்று பக்கம் படித்துச் சிரித்தாள். நிட்டிங் மிஷின் பற்றிய இடத்தைத் தரணிக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். நாலாம் பக்கம் வந்ததும் குரல் நின்றது. அந்தப் பக்கத்தை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்:

'துணி: முதல் தரம். தையல்: முதல் தரம், அம்பு ஒட்டிய இடங்களைச் சரி செய்துவிட்டார்கள். லேபிள்: தவறு. இது நாட்டார் கதை இல்லை. 2007இல் ஊத்துக்குளி ரோட்டில், பஞ்சர்க் கடையில், கீழே கையெழுத்துப் போட்டிருப்பவன் கட்டியது. அப்புச்சி இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கதையே சொல்லத் தெரியாது, அதட்ட மட்டும்தான் தெரியும். பீஸைக் கழிக்க வேண்டாம். லேபிளை மட்டும் மாற்றவும். பார்த்தவர்: எண் 7, நாச்சிமுத்து.'

"அப்ப வெள்ளகோயில்காரரு?"

"லாரி டிரைவரு, அம்மிணி. நாஞ் சொல்லிக் கேட்டவரு."

தரணி எழுந்து வெளியே போய்விட்டாள். பிள்ளை தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஓடற ரயில நிறுத்துனேன்னீங்க. ஜெர்மன்காரன் அழுதான்னீங்க. எதையும் நான் நம்புனதில்லீங் மாமா. சிரிச்சுட்டுப் போயிருவேன். இது ஒண்ணு மட்டுந்தான் நெசம்னு வச்சிருந்தேன்."

"கண்ணு..."

"அன்னிக்குக் கண்ணாடிய நாந்தான் ஒடச்சேன்னு ஏன் ஒத்துக்கிட்டேன் தெரியுங்களா? உங்களுக்குப் பயந்துட்டில்ல. அவ நூலு அந்துரக்கூடாதுன்னு."

குடோன் வாசலில் செருப்பை மாட்டினேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

20 மார்ச்

பிள்ளையிடமிருந்து போன் இல்லை. அக்கா சொன்னாள்: "என்றா தம்பி பண்ணுனே? புள்ள குடோனே கதின்னு கெடக்குது." ஒன்றும் பண்ணவில்லை என்றேன். பிறகு மறுபடி கூப்பிட்டு, பண்ணினேன் என்று முழுக்கச் சொன்னேன்.

24 மார்ச், திங்கள்

செக்கிங் நடுவில் போன். சண்முகப்பிரியா. வணக்கம் இல்லை, சாப்பிட்டீங்களா இல்லை.

"கன்னிக்கு எந்தக் காலு நொண்டி மாமா? கடைசிப் பாகத்துல தரணி எடதுன்னு பேசிட்டா. வலதுன்னு எனக்கு ஞாபகம்."

"வலது."

"ம்."

வைத்துவிட்டாள். அந்த 'ம்'மை நான் சாயங்காலம்வரை வைத்துக்கொண்டிருந்தேன்.

29 மார்ச், சனி

எட்டாம் பாகம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருமாகக் கேட்டோம்.

பரணி உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு கன்னி புதிதாக நூற்க ஆரம்பிக்கிறாள். இந்த முறை பரணியும் பக்கத்தில் உட்கார்ந்து நூற்கிறாள். நூல் ஏறுகிறது. கன்னி முதலில் ஏறவில்லை, நொண்டிக் காலைக் கீழே ஊன்றி நூலைப் பிடித்துக்கொள்கிறாள், பரணியை ஏற்றிவிடுகிறாள். பிறகு மடியிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக மேலே கொடுத்தனுப்புகிறாள். நஞ்சப்பனுடைய கற்கள்! செத்த நிலையங்களில் முதல் மண். ஒடிசாக்காரர் ஒருவருக்கு மொழி புரியவில்லை, ஆனாலும் கையைக் கழுவாமல் நின்றார்.

முடிவில் தரணியின் குரல்: "இது நாட்டார் கதை என்று முந்தைய பாகங்களில் சொல்லியிருந்தோம். தவறு. கதை: நாச்சிமுத்து, செக்கிங், முதலிபாளையம். கிணற்றில் விழும் கல்: நஞ்சப்பன், வெள்ளகோவில்."

என் பெயர். ஹெட்போனில் இல்லை, டேபிள் மேல், எல்லோர் காதிலும்.

சாயங்காலம் சண்முகப்பிரியாவே வந்தாள். 'சொந்தக் கற்பனை'க்கு மாற்றி மனுப் போட்டுவிட்டாளாம். "இருநூறு பேருங் மாமா. கஷ்டந்தான்." பிறகு, "உங்க நாலு பக்கம் போட்டிக்குச் செல்லாது. கதை எழுதுனவரே விமர்சனம் எழுதக்கூடாதாமா." வேறு யார் எழுதுவார்கள் என்று கேட்டேன். "குழந்தையம்மாக்காவக் கேட்டேன். ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டாங்க. உங்களுதவிட நல்லாருக்குது."

கதை எழுதுனவர் என்றாளே. அதற்குப் பின்னால் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. விஜயகுமாரி கசண்டு வைத்திருந்தாள். முழுவதையும் பிள்ளைக்கே கொடுத்தேன். (முக்கால்.)

28 ஏப்ரல், திங்கள்

முடிவு வந்துவிட்டது. இருநூற்றுப் பதினேழு நாடகத்தில் இவர்களுக்குப் பதினான்காவது இடம். அறை கிடைக்கவில்லை. ஆனால் நடுவர் ஒருவர் கிணற்றின் எதிரொலியைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். அக்கா அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். கெடுவைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த நாடகமும் நூல் குடோனிலேதான். "வேற கதை ஏதாச்சும் வச்சிருக்கறீங்களா மாமா? யாரு கட்டுனதுன்னு மொதல்லயே சொல்லிருங்க" என்று கேட்டிருக்கிறாள். ஒரு நானூறு இருக்கும். யோசித்தால் நாலு தேறும்.

இன்று மதியம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். தேனிப் பக்கத்திலிருந்து செக்கிங்குக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், கலைமகள் என்று பெயர். கரண்ட் போயிற்று. குழந்தையம்மாள் அவளுக்கு நொண்டிக் கன்னி கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அது நாங் கட்டுன கதை" என்றேன் நான்.

"போங்கண்ணா" என்று சிரித்தாள் குழந்தையம்மாள். "எங்க அம்மாயி காலத்துக் கதையப் போயி. உங்கக்கா புள்ள பாசத்துல உங்க பேரப் போட்டுருச்சுன்னா நீங்க நெசமாலுமே கட்டுனதா ஆயிருமுங்களா?" கலைமகளிடம் திரும்பி, "அண்ணன் சொல்றதுல பாதியத்தான் எடுத்துக்கோணும், தெரிஞ்சுக்க" என்றாள்.

செல்போனை எடுத்து எட்டாம் பாகத்தைப் போட்டுக் காட்டியிருக்கலாம். கையும் சட்டைப்பைவரை போயிற்று. எதற்கு? இருந்தபடியே இருந்தேன்.

அவள் நன்றாகச் சொன்னாள். கல்லை மடியில் பிடிக்கிற இடத்தில் தன் முந்தானையையே ஏந்திக் காட்டினாள். கன்னிக்கு இடது கால் நொண்டி என்றாள்.

நான் திருத்தவில்லை.